குறைவும் குறைபாடும்: மதியிறுக்கமுடைய குழந்தையின் கனிமச் சோதனை அறிக்கையைப் படித்தல்

மருத்துவச் சோதனை அறிக்கையைப் பற்றி மொழியியலார் பேசுவது பொருந்துமா என்னும் வினா அவையில் எழுவது இயல்பே. நோயை அறிவதும் மருந்து தருவதும் மருத்துவர் பணி. அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆயினும் அறிக்கை என்பதும் ஒரு பனுவல். அதில் சொற்கள் உள்ளன, எண்கள் உள்ளன, அவ்வெண்களுக்குப் பொருள் தரும் சூழல் உள்ளது. பனுவலைப் பிழையாகப் படித்தால் பொருள் பிழைபடும். இங்கே பொருள் பிழைபட்டால் துன்புறுவது ஒரு குழந்தை. ஆதலால் இப்பொருள் மொழி பயில்வோருக்கும் உரியதே.

கேமரன் மலையை நினைத்துப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் நில அளவைக்காகச் சென்றதால் அப்பெயர் பெற்ற இந்தப் பகாங் மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்க வந்த தமிழரின் வழிவந்த குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. வீட்டில் பேசுவது தமிழ். மருத்துவமனையில் பேசப்படுவது மலாய். சோதனை அறிக்கை வருவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தானா ராத்தாவில் மருத்துவமனை உண்டு. ஆனால் குழந்தை வளர்ச்சி வல்லுநரைக் காண ஈப்போ போன்ற நகருக்கு மலை இறங்க வேண்டியிருக்கும். எனவே மதியிறுக்கமுடைய குழந்தையின் தாய், கையிலுள்ள தாளை முதலில் நீட்டுவது தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமாக இருக்கக்கூடும். "இதில் என்ன எழுதியிருக்கிறது, டீச்சர்?" என்னும் அந்தக் கேள்விக்கு ஆசிரியர் சொல்லும் முதல் தமிழ்ச்சொல்லே அக்குடும்பத்தின் அடுத்த முடிவைத் தீர்மானித்துவிடலாம்.

பலபொருள் ஒருசொல்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசுகிறார். ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாயின், அதனோடு வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றைக் கொண்டு பொருளைத் தெளிய வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. சோதனை அறிக்கையைப் படிக்கவும் இந்நெறி பெரிதும் உதவும்.

முதலில் 'குறைபாடு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். உடலில் இரும்பு போதாமையை இரும்புச்சத்துக் குறைபாடு என்கிறோம். மதியிறுக்கத்தையும் ஆட்டிசக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு என்கிறோம். இரண்டும் வெவ்வேறு வகைப் பொருள்கள். முன்னது, அளந்து காணத்தக்க ஒரு பொருளின் போதாமை. பின்னது, குழந்தை உலகை உணர்ந்து பிறரோடு உறவாடும் முறையில் உள்ள வேறுபாடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது. சொல் ஒன்றானதும் மனம் ஒரு கணக்குப் போடுகிறது: குறைபாடு உள்ளது; தாளில் துத்தநாகம் குறைவு என்றிருக்கிறது; துத்தநாகத்தைக் கொடுத்தால் குறைபாடு நீங்கும். இந்த வாதத்தில் சான்று எங்கும் இல்லை. சொல்லின் ஒப்புமை மட்டுமே உள்ளது.

1911இல் ஓய்கன் புளூலர் கிரேக்க மொழியில் 'தான்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து ஆட்டிசம் என்ற பெயரை ஆக்கினார். 1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி, இன்று நாம் அறியும் நிலையை விளக்கினார். அன்று முதல் இன்றுவரை மதியிறுக்கத்தைக் கண்டறிவது குழந்தையின் நடத்தை, பேச்சு, விளையாட்டு ஆகியவற்றை நோக்கியே. மதியிறுக்கம் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதி செய்யும் குருதிச் சோதனை கிடையாது. கனிமச் சோதனை கனிமத்தைப் பற்றி மட்டுமே பேசும். இதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

'தாது' என்னும் சொல்லும் அத்தகையதே. பூந்தாது, மண்ணிலிருந்து எடுக்கும் தாது, சித்த மருத்துவம் கூறும் உடலின் ஏழு தாதுக்கள் எனப் பல பொருள்கள் அதற்கு உண்டு. 'தாதுப் பரிசோதனை' என்றதும், உடலின் கட்டமைப்பு முழுவதையும் அளந்துவிட்டதாக ஒரு பாட்டி எண்ணினால் அவரைக் குறை கூற இயலாது. 'சத்து' என்ற ஒட்டும் இவ்வாறே. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து என்னும்போது 'மிகுதியானால் நன்று' என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே அமர்ந்துவிடுகிறது. துத்தநாகம் அளவுக்கு மீறினால் செம்பு உடலில் சேராமல் தடைபட்டு இரத்தசோகை வரும் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

காரீயமும் வெள்ளீயமும்

அறிக்கையைத் தமிழாக்கும்போது மிகுந்த தீங்கு விளைக்கத்தக்க சொல் 'ஈயம்'. பழந்தமிழ் வழக்கில் ஈயம் ஒரு பொதுப்பெயர். வெள்ளீயம், காரீயம் என்பன அதன் வகைகள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தைச் சார்ந்தவை. மலேசியத் தமிழருக்கு ஈயம் என்றதும் நினைவுக்கு வருவது ஈயச்சுரங்கம். கேமரன் மலைக்கு மேற்கே, ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கை வளப்படுத்திய அந்த உலோகமும் வெள்ளீயமே. குழந்தையின் மூளைக்குக் கேடு விளைப்பதோ காரீயம்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாயில் 'தீமா' என்பது வெள்ளீயம். 'தீமா ஹீத்தாம்', அதாவது கறுப்புத் தீமா, காரீயம். இலத்தீனிலும் ஒரே பெயருக்கு வெள்ளை, கறுப்பு என்னும் அடை சேர்த்தே இவ்விரண்டையும் வேறுபடுத்தினர். அறிக்கையில் 'பிளம்பம்' என்றோ அதன் ஆங்கிலப் பெயரோ இருப்பின், ஆசிரியர் 'காரீயம்' என்றே சொல்ல வேண்டும். 'ஈயம் கூடியிருக்கிறது' என்று மட்டும் சொன்னால், தாய் அடுப்படிச் சொம்பை ஒளித்துவைப்பார்; உரிக்கும் பழைய வண்ணப்பூச்சு சுவரிலேயே இருக்கும்.

காரீயத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? மதியிறுக்கமுடைய குழந்தைகளில் சிலர் உணவல்லாத பொருள்களை, மண்ணை, சுவரில் உரியும் வண்ணத்தை வாயிலிடுவர். அத்தகைய குழந்தைக்குக் காரீயச் சோதனை உண்மையிலேயே தேவையானது. கண்ணுக்கிடும் சில சுர்மா வகைகள், முறையாகச் செய்யப்படாத சில உலோக மருந்துகள், நிறம் கூட்டக் காரீயக் குரோமேட் கலந்த மஞ்சள்தூள் ஆகியவையும் காரீயத்தின் வழிகளாக அறியப்பட்டுள்ளன. இங்கே காரீயம் மதியிறுக்கத்தின் காரணமாகக் கருதப்படவில்லை. மதியிறுக்கத்தோடு வரும் ஒரு பழக்கத்தின் விளைவாகவே அது உடலில் சேர்கிறது. எது முன், எது பின் என்பதை மாற்றிப் படித்துவிடக் கூடாது.

எண், அலகு, எல்லை

சொல்லுக்கு அடுத்தது எண். அலகில்லாத எண்ணுக்குப் பொருளில்லை. துத்தநாகத்தை ஓர் ஆய்வகம் லிட்டருக்கு 10 மைக்ரோமோல் என்று எழுதும். மற்றொன்று டெசிலிட்டருக்கு 65 மைக்ரோகிராம் என்று எழுதும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. அலகைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்தால், ஆறு மாதத்தில் துத்தநாகம் ஆறு மடங்கு பெருகியதாகத் தோன்றும். இரு அறிக்கைகளை ஒப்பிடுமுன் அலகுகளை ஒப்பிடுதல் முதல் விதி.

அடுத்தது, எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடப்படும் எல்லை. இதனை 'இயல்பு அளவு' என மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. எல்லைக்கு வெளியே நிற்கும் குழந்தை அப்போது இயல்பற்றதாகிவிடுகிறது. 'ஒப்பீட்டு எல்லை' என்பதே பொருந்தும். நலமுள்ள பலரை அளந்து, அவர்களுள் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் அளவுகளை எல்லையாகக் கொள்வது பொதுவழக்கம். அப்படியாயின் நலமுள்ளோரிலேயே இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒருவருக்கு ஒன்றையொன்று சாராத இருபது பொருள்களை அளந்தால், அவற்றுள் ஒன்றேனும் எல்லைக்கு வெளியே விழும் வாய்ப்பு 64 விழுக்காடு. நாற்பது பொருள்களை அளந்தால் 87 விழுக்காடு. நீண்ட கனிமப் பட்டியலில் ஓரிரு சிவப்புக் குறிகள் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஒரு குறியும் இல்லாதிருந்தால்தான் வியப்பு.

எல்லா எல்லைகளும் ஒரே முறையில் பிறப்பவையும் அல்ல. குழந்தையின் குருதியில் காரீயத்திற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவைக் கவலைக்குரியதாக வைத்தது. அதன் ஒப்பீட்டு அளவு 2012இல் 5 ஆகவும், 2021இல் 3.5 ஆகவும் குறைந்தது. காரீயத்தின் நஞ்சு இடையில் மாறிவிடவில்லை. அந்நாட்டுச் சிறு குழந்தைகளுள் மிகுந்த காரீயமுடைய 2.5 விழுக்காட்டினரை அடையாளம் காண வரையப்பட்ட கோடு அது. தீங்கற்ற காரீய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. அதேபோது 3.5ஐத் தாண்டியது என்பதற்காக உலோகத்தை வெளியேற்றும் மருந்து தரப்படுவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி, அளவு 5ஐ எட்டினால் காரீயம் வரும் வழியைக் கண்டு அடைக்க வேண்டும். 10 வயது வரையான குழந்தைக்கு 45ஐ எட்டினால் வெளியேற்று மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. ஆக, கோட்டைத் தாண்டியது என்ற ஒரே தொடர் 'வழியைத் தேடு' என்றும் பொருள்படும். 'மருந்து கொடு' என்றும் பொருள்படும். எந்தக் கோடு என்பதே பொருளைத் தெளிவிக்கும்.

எதிலிருந்து எடுத்தது?

அறிக்கையின் மேற்பகுதியில் சிறிய எழுத்தில் மாதிரி எது என்று குறிக்கப்பட்டிருக்கும். அதுவே தொல்காப்பியர் கூறும் சார்பு.

குருதியே பலவற்றுக்கு நம்பத்தக்க மாதிரி. அதற்கும் எல்லை உண்டு. உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. குருதியில் கால்சியம் குறையத் தொடங்கினால் உடல் எலும்பிலிருந்து எடுத்து நிரவிவிடும். ஆகவே குருதியில் அளவு சரியாக உள்ளது என்பதால் உணவில் போதிய கால்சியம் உள்ளது என்று முடிவு செய்ய இயலாது. மக்னீசியத்திலும் மிகச் சிறிய பங்கே குருதிநீரில் உள்ளது. துத்தநாகத்தின் அளவு காய்ச்சலின்போதும் உணவுக்குப் பின்பும் இறங்கும். சோதனை எடுத்த நாளில் குழந்தைக்குச் சளி இருந்ததா என்று கேட்பதும் அறிக்கையைப் படிப்பதன் ஒரு பகுதியே.

தலைமயிரை அனுப்பிக் கனிமங்களை அளக்கும் சோதனை பெற்றோரிடம் பெரிதும் பரவியுள்ளது. வலியில்லை, ஊசியில்லை, அஞ்சலில் அனுப்பலாம், பட்டியலும் நீளமாக வரும். ஆனால் 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு நினைவிற்கொள்ளத்தக்கது. நலமுள்ள ஒருவரின் தலைமயிரைப் பகுத்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பினர். பன்னிரண்டு கனிமங்களில், மிகுந்த அளவு சொன்ன ஆய்வகத்திற்கும் குறைந்த அளவு சொன்ன ஆய்வகத்திற்கும் இடையே பத்து மடங்குக்கும் மேலான வேறுபாடு இருந்தது. ஒப்பீட்டு எல்லைகளும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன. உணவு பற்றிய பரிந்துரைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஒரே தலையின் மயிருக்கு ஆறு வேறு உரைகள் கிடைத்தன.

தலைமயிரில் துத்தநாகம் குறைந்திருப்பதற்கும் மதியிறுக்கத்திற்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு என்று சிலர் சுட்டுவர். 2011இல் ஜப்பானில் 1,967 குழந்தைகளின் தலைமயிரை அளந்த ஆய்வு அவற்றுள் ஒன்று. அத்தகைய ஆய்வு இரண்டும் சேர்ந்து காணப்படுவதைச் சொல்லும். ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று நிறுவாது. சில உணவுகளை மட்டுமே ஏற்கும் குழந்தைக்குத் துத்தநாகம் குறைவதும் இயல்பன்றோ?

சிறுநீரில் மற்றொரு சிக்கல். உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்தபின் சிறுநீரை எடுத்து, மருந்து உண்ணாதவர்களுக்கான எல்லையோடு ஒப்பிடும் வழக்கம் ஒன்று உண்டு. இம்மருந்தை உண்டால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் ஏறும். மழைக்காலத்து ஆற்றை அளந்து கோடைக்காலத்து அளவோடு ஒப்பிட்டு வெள்ளம் என்று அறிவிப்பதைப் போன்றது இது. அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இம்முறை அறிவியல் முறையில் உறுதி செய்யப்படாதது என்று தெளிவாக அறிவித்துள்ளது. அறிக்கையில் 'மருந்துக்குப் பின்' என்னும் குறிப்பு இருந்தால், அதன் சிவப்புக் கோடுகளுக்கு ஒப்பீட்டுப் பொருளே இல்லை.

மலைநாட்டுக் குழந்தையும் இரும்பும்

இவ்வளவும் கூறியதால் கனிமச் சோதனை வீண் என்று கொள்ளலாகாது. மதியிறுக்கமுடைய குழந்தைகள் பலர் உணவில் மிகத் தெரிவு காட்டுவர். வெள்ளைச் சோறு, ரொட்டி, பிஸ்கட் என்று மூன்று நான்கு பொருள்களோடு நின்றுவிடும் குழந்தைக்கு இரும்பு குறைவது எளிது. இரும்பு குறைந்தால் சோர்வு, அமைதியற்ற உறக்கம், கவனச் சிதறல் தோன்றலாம். அவற்றை மதியிறுக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டுச் சோதிக்காமல் விடுவதும் பிழையே.

தோட்டத்து வாழ்வில் இதற்கு ஒரு தனிக் காரணம் சேர்கிறது. தோட்ட வழக்கில் தேத்தண்ணீர் எனப்படும் தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு போன்ற தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. சோற்றோடு தேநீர் குடிக்கும் குழந்தைக்கு இரும்பு மேலும் குறையும். கொய்யா, எலுமிச்சை போன்ற உயிர்ச்சத்து சி நிறைந்த உணவு அதற்கு எதிர்த்திசையில் உதவும். தேநீரை உணவுவேளையிலிருந்து விலக்குவது செலவில்லாத மருத்துவம்.

இரும்பின் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். ஐந்து வயதுக்குட்பட்ட நலமுள்ள குழந்தைக்கு லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தொற்றும் அழற்சியும் இருந்தால் ஃபெரிட்டின் தானே ஏறும். அப்போது 30க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று கொள்ளப்படும். காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு 25 என்ற எண் நிறைவைக் காட்டாது.

ஹீமோகுளோபினிலும் இடம் பேசுகிறது. உயர்ந்த நிலத்தில் வாழ்வோரின் உடல் ஹீமோகுளோபினைச் சற்று மிகுதியாக ஆக்கும். ஆதலால் மலைநாட்டில் வாழ்வோருக்கு இரத்தசோகைக் கோட்டை உயரத்திற்கேற்பத் திருத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேலுள்ள தானா ராத்தாவின் குழந்தையைச் சமவெளியின் கோட்டால் அளந்தால், உண்மையான குறைவு எல்லைக்குள் ஒளிந்துகொள்ளலாம். இதை மருத்துவரிடம் கேட்பது தாயின் உரிமை. கேட்கச் சொல்லித் தருவது ஆசிரியரின் உதவி. தலசீமியா மரபு உடையோருக்கு இரும்பு நிறைந்திருந்தும் குருதியணுக்கள் சிறுத்திருக்கும் என்பதால், சோதனை முடியாமல் இரும்பு மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுப்பதும் தகாது.

பெயர் பிறழ்ந்தால்

பிழையான வாசிப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மதியிறுக்கமுடைய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், உலோகத்தை வெளியேற்றும் ஈடிடிஏ மருந்து நரம்பில் ஏற்றப்பட்டபோது இறந்தான். அம்மருந்தில் இரு வகைகள் உண்டு. கால்சியம் சேர்ந்த வகை காரீய நஞ்சுக்குரியது. கால்சியம் சேராத வகை உடலின் கால்சியத்தையே பறித்துவிடும். அச்சிறுவனுக்கு ஏற்றப்பட்டது இரண்டாவது வகை. குருதியில் கால்சியம் தாழ்ந்து இதயம் நின்றது. இரு வகைகளின் பெயர்களும் ஒத்திருப்பதால் குழப்பமும் உயிரிழப்பும் நேர்வதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2008இல் எச்சரித்தது.

இவ்வகை மருந்தை மதியிறுக்கத்திற்குச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில் திட்டமிடப்பட்ட ஓர் ஆய்வு 2008இல் கைவிடப்பட்டது. காரீயம் ஏறாத எலிகளுக்கு அத்தகைய மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் கற்றல்திறன் கெட்டது என்ற ஆய்வு முடிவு முன்னரே வெளிவந்திருந்தது. 2015இல் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வும், மதியிறுக்கத்திற்கு இம்மருந்து பயன்தரும் என்பதற்குச் சான்றில்லை என்றே முடித்தது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

தாய் தாளை நீட்டும்போது ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை; நல்ல வாசகராக இருந்தால் போதும். மாதிரி எது, குருதியா மயிரா சிறுநீரா என்று பார்க்க. அலகைப் பார்க்க. எல்லை எந்த வயதுக்கும் எவ்விடத்துக்கும் உரியது என்று பார்க்க. சோதனை நாளில் காய்ச்சல் இருந்ததா, ஏதேனும் மருந்து முன்னரே தரப்பட்டதா என்று கேட்க. மயிர்ச் சோதனையில் காரீயம் மிகுதி என்று வந்திருந்தால், அரசு சுகாதார நிலையத்தில் குருதிச் சோதனை கேட்குமாறு சொல்க. சோதனையை நடத்திய நிறுவனமே மாத்திரையையும் விற்றால், அறிக்கையையும் விலைப்பட்டியலையும் பிரித்து வைத்துப் படிக்குமாறு கூறுக.

சொற்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கனிமம் எல்லைக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்க. மருத்துவர் உறுதி செய்த பின்னரே 'குறைபாடு' என்க. 'இயல்பு அளவு' என்னாது 'ஒப்பீட்டு எல்லை' என்க. 'ஈயம்' என்னாது 'காரீயம்' என்க. மதியிறுக்கத்தைக் குறிக்கையில் குறைபாடு என்ற சொல்லைத் தவிர்த்து 'மதியிறுக்கமுடைய குழந்தை' என்க.

இரும்பு குறைந்திருந்தால் இரும்பு கொடுக்கத்தான் வேண்டும். குழந்தை நன்கு உறங்கும், சோர்வு நீங்கும், பாடத்தில் அமர்ந்திருக்கும் பொழுதும் கூடலாம். அது பெரும் நன்மையே. அதன்பின்னும் அவன் மதியிறுக்கமுடைய குழந்தையாகவே இருப்பான். அவனுக்கு வேண்டிய பேச்சுப் பயிற்சியும், பொறுமையான வகுப்பறையும், மாற்றுத்திறனாளர் அட்டையின்வழிக் கிடைக்கும் உதவிகளும், பள்ளியின் சிறப்புக் கல்வித் திட்டமும் எந்தக் கனிமத்தின் எண்ணுக்காகவும் காத்திருக்கலாகாது. குடும்பத்தின் சேமிப்பும் குழந்தையின் இளமைக் காலமும் அளவுடையவை. தவறான சொல்லின் பின்னே அவை செலவாகாமல் காப்பது மொழி கற்பிப்போரால் இயலும் தொண்டு.